பூட்டி வைத்த நாற்காலி பின்னால் சரிந்தது: மெக்கானிசத்தை மாற்றியே ஆக வேண்டுமா?

மலைக்கோட்டை வாசகி (வியாழன், இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். நான் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். அதற்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலக நாற்காலி வாங்கினேன். பகலில் நான் உட்காருவேன். விளக்கு வைத்த பிறகு அப்பா அதில் அமர்ந்து பேப்பர் படிப்பார். அவருக்கு 74 வயது.

செவ்வாய்க்கிழமை மாலை கால் மணி நேரம்போல நேராக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர், பேப்பரை மடித்து மடியில் வைத்துவிட்டு முதுகைச் சாய்த்தார். டக்கென்று ஒரு சத்தம். சாய்மானம் கடைசிவரை போய்விட்டது. நாற்காலி கவிழவில்லை, அவருக்கு அடியும் படவில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடி தெறித்துத் தரையில் கிடந்தது. நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்தபோது கைப்பிடி இரண்டையும் இறுகப் பற்றியபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்த நாற்காலியின் முன்விளிம்பில்தான் உட்காருகிறார். முதுகு எதன்மேலும் படுவதில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

நாற்காலியில் வலப்பக்கம் உயரத்துக்கு ஒரு லீவர், இடப்பக்கம் சாய்வைப் பூட்ட ஒரு லீவர், இருக்கையின் அடியில் முன்பக்கம் பெரிய கறுப்புக் குமிழ் ஒன்று இருக்கின்றன. சாய்வை எப்போதும் நேராக நிறுத்திப் பூட்டித்தான் வைத்திருப்பேன். வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். "மெக்கானிசம் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும்" என்று பார்க்காமலேயே சொல்லிவிட்டார்கள். மாற்றத்தான் வேண்டுமா? மாற்றினாலும் இனி அந்தப் பூட்டை நம்பலாமா?

கோவை பழுதுநீக்கு (வியாழன், இரவு 10.15)

அம்மா, பார்க்காமல் சொன்ன பேச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பதினெட்டு ஆண்டுகளாக இதே வேலை செய்கிறேன். "சாய்வு விழுந்துவிட்டது" என்று என்னிடம் வரும் நாற்காலிகளில் பல உடைந்தவையே அல்ல.

தரையில் போர்வை விரித்து நாற்காலியைத் தலைகீழாகக் கிடத்துங்கள். இருக்கையின் அடியில் ஓர் இரும்புப் பெட்டி நான்கு போல்ட்டுகளால் பலகையோடு பிடிக்கப்பட்டிருக்கும். மெக்கானிசம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். கழற்ற வேண்டாம், பார்த்தால் போதும். இடப்பக்க லீவரை அசைத்தால் பெட்டிக்குள் ஓர் இரும்பு நாக்கு ஒரு தகட்டின் துளைக்குள் போவதும் வருவதும் தெரியும். அதன் முனை சதுரமாக இருக்கிறதா, தேய்ந்து உருண்டிருக்கிறதா? துளையின் விளிம்பு பிதுங்கியிருக்கிறதா? பிறகு நிமிர்த்தி வைத்துச் சாய்த்துப் பாருங்கள். முதுகு மட்டும் போகிறதா, இருக்கையும் கூடப் போகிறதா? கடைசியாக, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் வைத்திருக்கும் அந்தக் கறுப்புக் குமிழ். அதை எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

உயரத்துக்கான சிலிண்டரைத் தொடாதீர்கள். கடைகளில் ஹைட்ராலிக் என்பார்கள். உள்ளே அழுத்தி அடைத்திருப்பது நைட்ரஜன். அதைத் துளைப்பதும் சூடு காட்டுவதும் உயிருக்கே ஆபத்து. உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமும் கிடையாது.

கொட்டாப்புளி (வெள்ளி, காலை 6.05)

மகளே, அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் போனது பெரிய நிம்மதி. எனக்கும் அவர் வயதுதான். நாற்பத்தைந்து ஆண்டுகள் தச்சு வேலை செய்தவன். ஈசிசேர் எத்தனை செய்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

துணி ஈசிசேரில் சாய்வை நிறுத்துவது ஒரு பல்தான். பின்னால் தாங்கும் சட்டத்தின் குறுக்குக்கட்டை, அடிச்சட்டத்தில் வெட்டிய பல்லில் போய் உட்காரும். மூன்று பல் அல்லது நான்கு பல் வைப்போம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், வெட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பல்லின் பின்முகம் செங்குத்தாக, இன்னும் சொன்னால் மேல்விளிம்பு ஒரு நூல் முன்னால் வந்து கட்டையைக் கவ்வுகிற மாதிரி இருக்க வேண்டும். முன்முகம் சரிவாக இருக்க வேண்டும். அப்போது ஆள் உட்கார உட்கார, எடை கட்டையைப் பல்லுக்குள்ளேயே இழுத்துப் பிடிக்கும். எழுந்த பிறகு கையால் தூக்கினால் சரிவில் ஏறிச் சுகமாக அடுத்த பல்லுக்கு வரும். அவசரத்தில் இரண்டு முகத்தையும் சரிவாக வெட்டிவிட்டால் முதல் மாதம் நிற்கும்; மரம் சற்று மழுங்கியதும் ஆளைக் கீழே போட்டுவிடும். இடப்பல்லும் வலப்பல்லும் ஒரே கோட்டில் இல்லாவிட்டாலும் அதே கதிதான். கட்டை ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்திருக்கும். பார்ப்பவருக்குப் பூட்டியதுபோலவே தெரியும்.

அதனால் உங்கள் நாற்காலியின் நாக்கு அரைகுறையாக உட்கார்ந்திருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். கோவைத் தம்பி கேட்டதை நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

நேர்கோடு (வெள்ளி, காலை 8.30)

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வேலை செய்யும் நாற்காலிக்குச் சாய்மானம் எதற்கு? 90 பாகையில் நிமிர்ந்து உட்கார்வதே முதுகெலும்புக்கு நல்லது என்றுதான் பள்ளியில் உட்காரவைத்துப் பழக்கினார்கள். நகரும் பாகம் எது இருந்தாலும் ஒருநாள் பழுதாகும். சட்டத்தைப் பற்றவைத்துவிட்டால் விழுகிற பேச்சே இல்லை. அப்பா படுக்க விரும்பினால் கட்டில் இருக்கிறது.

இயன்முறை மதுரை (வெள்ளி, பிற்பகல் 1.50)

நேர்கோடு, நீங்கள் சொல்வதை என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோகிம் வில்கேயின் குழு, ஒருவரின் இடுப்புப் பகுதி முதுகெலும்புத் தட்டுக்குள்ளேயே (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்) அழுத்தமானியைப் பொருத்தி அளந்து 1999இல் வெளியிட்டது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). சாய்மானம் இல்லாமல் தளர்ந்து உட்கார்ந்தால் 0.46. முதுகை வலிந்து நிமிர்த்தி உட்கார்ந்தபோது 0.55. முழுவதும் முன்னால் குனிந்தபோது 0.83. நாற்காலியில் பின்னால் சரிந்து முதுகைக் கொடுத்தபோது 0.27. அளந்தது ஒரே ஒருவரிடம், 70 கிலோ எடையுள்ள 45 வயது ஆணிடம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் 1970களிலேயே ஸ்வீடனில் ஆண்டர்சன் குழுவினர் செய்த அளவீடுகளும் இதே திசையைத்தான் காட்டின. சாய்மானம் பின்னால் போகப் போகத் தட்டின்மேல் அழுத்தம் குறைகிறது. இடுப்பு வளைவுக்குத் தாங்கல் இருந்தால் இன்னும் குறைகிறது. காரணம் எளியது. சாய்ந்தால் மேலுடம்பின் எடையில் ஒரு பங்கை முதுகுப்பலகை வாங்கிக்கொள்கிறது. நிமிர்ந்தால் முழுவதையும் முதுகெலும்பும் தசையுமே சுமக்கின்றன.

135 பாகைதான் சிறந்தது என்று அடிக்கடி பரவும் செய்தி ஸ்காட்லாந்தில் 22 பேரை எம்.ஆர்.ஐ. கருவியில் பல நிலைகளில் படமெடுத்து 2006இல் அறிவித்த ஆய்விலிருந்து வந்தது. அந்தக் கோணத்தில் விசைப்பலகை எட்டாது, கழுத்தை முன்னால் நீட்ட வேண்டியிருக்கும். அதனால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

எந்த ஒரு கோணத்தையும் நான் சிபாரிசு செய்வதில்லை. தட்டுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அழுத்தம் ஏறி இறங்கும்போது நீரும் சத்தும் உள்ளே போய் வருகின்றன. நீங்கள் பற்றவைக்கச் சொல்லும் சட்டம் அந்தப் போக்குவரத்தைக் குறைத்துவிடும். வாசகியின் அப்பா முன்விளிம்பில் உட்காருவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அந்த வயதில் தாங்கலில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு தானாக முன்னால் வளைந்து, தட்டின்மேல் அழுத்தம் கூடும்.

மலைக்கோட்டை வாசகி (வெள்ளி, இரவு 8.20)

எல்லோருக்கும் நன்றி. மாலையில் என் தம்பியின் உதவியோடு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பெட்டிக்குள் கைபேசி வெளிச்சத்தை அடித்தோம். ஒரே அழுக்கு மசகு. அதில் என் தலைமுடி இரண்டு மூன்று ஒட்டியிருந்தது. துடைத்த பிறகு நாக்கு தெளிவாகத் தெரிந்தது. விரல் நகம் அகலம். முனை சதுரமாக, விளிம்பில் வெட்டிய தடம் இன்னும் புதிதாகவே இருக்கிறது. தகட்டில் நான்கு துளைகள். எதிலும் பிதுக்கம் இல்லை. லீவரை அசைத்தால் நாக்கு முழுதாக உள்ளே போகிறது, முழுதாக வெளியே வருகிறது.

இருக்கையும் முதுகும் சேர்ந்தே சாய்கின்றன, ஆனால் ஒரே அளவில் அல்ல. கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியை முதுகுப்பலகையில் ஒட்டிவைத்து அளந்தோம். முதுகு 18 பாகை சாயும்போது இருக்கை 9 பாகைதான் சாய்கிறது.

கறுப்புக் குமிழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கடைசிவரை தளர்த்தப்பட்டிருக்கிறது. வாங்கிய புதிதில் எனக்குச் சாயவே வரவில்லை, அதனால் நான்தான் திருகித் திருகித் தளர்த்தினேன். என் எடை 46 கிலோ. அப்பா 78.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று இரவு பார்த்தபோது இடப்பக்க லீவர் திறந்த நிலையில் இருந்தது. விழுந்த அதிர்ச்சியில் திறந்துகொண்டது என்று நினைத்தேன். அப்பா துண்டை எப்போதும் இடப்பக்கக் கைப்பிடியில்தான் போடுவார்.

கோவை பழுதுநீக்கு (வெள்ளி, இரவு 9.05)

அம்மா, உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது. ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

அன்று நடந்தது இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன். துண்டைப் போடும்போதோ எடுக்கும்போதோ லீவர் தட்டுப்பட்டுத் திறந்துவிட்டது. ஆனால் இந்த வகையில் லீவர் திறந்த உடனே நாக்கு வெளியே வராது. உள்ளிருக்கும் ஸ்பிரிங் முதுகை முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பதால், நாக்கு துளையின் விளிம்போடு இறுகிப் பிடித்திருக்கும். யாராவது பின்னால் சாய்ந்து அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் கணத்தில்தான் விடுபடும். இதை ஆண்டி-ஷாக் என்பார்கள். வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். இது இல்லாத பழைய நாற்காலிகளில், சாய்வைப் பின்னால் பூட்டிவிட்டு முன்னால் குனிந்தபடி லீவரைத் தட்டினால் முதுகுப்பலகை சாட்டைபோலப் பாய்ந்து வந்து தோளில் அறையும். எனக்கே ஒருமுறை பட்டிருக்கிறது.

ஆக, உங்கள் அப்பா கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது திறந்த பூட்டின்மேல். சாய்ந்தார், நாக்கு விடுபட்டது, அந்த டக் சத்தம் அதுதான். அப்போதும் சரிந்திருக்கக் கூடாது. தாங்க வேண்டிய ஸ்பிரிங் 46 கிலோவுக்காகத் தளர்த்தப்பட்டுக் கிடந்தது. வந்தவர் 78 கிலோ.

ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் இதைத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இந்த வகை நாற்காலியில் ஆளைத் தாங்குவது ஸ்பிரிங், பூட்டு அல்ல. பூட்டு ஒரு வசதி. எழுதும்போது கொஞ்ச நேரம் அசையாமல் இருக்க வேண்டுமா, போட்டுக்கொள்ளலாம். ஸ்பிரிங்கைச் சரியாக வைக்காமல் ஆண்டுக்கணக்கில் பூட்டிலேயே வாழ்ந்தால், அந்தத் தவறு பூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். என்றோ ஒருநாள் பூட்டு திறக்கும்போதுதான் வெளியே வரும்.

சரிசெய்யும் விதம்: அப்பா நிமிர்ந்து உட்காரட்டும். பூட்டைத் திறந்து வையுங்கள். தம்பி பின்னால் நின்று முதுகுப்பலகையைப் பிடித்துக்கொள்ளட்டும். குமிழை வலஞ்சுழியாக இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஆள் சாய்ந்திருக்கும்போது திருகாதீர்கள். அப்போது ஸ்பிரிங் முழு அழுத்தத்தில் இருக்கும், குமிழின் மரை கெடும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவரைச் சாயச் சொல்லுங்கள். பாதம் தரையில் பதிந்திருக்க, கை மடியில் இருக்க, மூச்சை விட்டபடி சாய்ந்தால் பலகை கூடவே வர வேண்டும். நடுவில் நிற்க நினைத்தால் நிற்க வேண்டும். காலால் உதைத்தால்தான் சாய்கிறது என்றால் இறுக்கம் அதிகம். நிற்க நினைத்த இடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் இன்னும் இறுக்குங்கள்.

கரூர் கூண்டு (சனி, காலை 7.15)

கோவை அண்ணன் சொன்னது அலுவலக நாற்காலிக்குச் சரி. ஆனால் "பூட்டு தாங்காது" என்பதை எல்லா இருக்கைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நான் கரூரில் பஸ் கூண்டு கட்டும் பட்டறையில் சீட் பொருத்துகிறவன்.

புஷ்பேக் சீட்டில் ஆளைத் தாங்குவது பூட்டு மட்டும்தான். பின்னால் இன்னொருவரின் முழங்கால் இருக்கிறது, வண்டி பிரேக் போடுகிறது, பள்ளத்தில் குதிக்கிறது. அங்கே முதுகு தன் போக்கில் ஊசலாட முடியாது. அதனால் சீட்டுக்கு அடியில் ஒரு பூட்டும் சிலிண்டர் வைக்கிறோம். அதன் தண்டின் நுனியில் சின்ன ஊசி ஒன்று இருக்கும். கைப்பிடிப் பொத்தானை அழுத்தினால் கம்பி இழுத்து ஊசி உள்ளே போகும், பிஸ்டனில் உள்ள வால்வு திறக்கும். பொத்தானை விட்டால் வால்வு மூடிவிடும். எந்த இடத்தில் விட்டீர்களோ அங்கேயே நிற்கும். பல் கணக்கெல்லாம் கிடையாது. பிஸ்டனின் இருபுறமும் வாயு மட்டும் இருந்தால் பூட்டிய பிறகும் சற்றுத் துள்ளும். எண்ணெய் இருக்கும் வகை கல்லாக நிற்கும், ஏனென்றால் எண்ணெய் அமுங்காது. தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அதன் காலம் முடிகிறது என்று பொருள். அப்படிப்பட்ட சீட், பயணி தூங்கத் தூங்க மெல்லப் பின்னால் இறங்கும்.

வாயுவே இல்லாத இன்னொரு வகையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. வழவழப்பான ஓர் எஃகுத் தண்டைச் சுற்றி அதைவிட மயிரிழை சிறிய உள்விட்டமுள்ள சுருள் ஸ்பிரிங். சும்மா இருக்கும்போது தண்டை உடும்புபோல் பிடித்திருக்கும். லீவரை இழுத்தால் சுருளின் ஒரு முனை திரும்பி, சுருள் சற்று விரியும், தண்டு நழுவும். விட்டால் மறுபடி பிடி. தண்டில் பல்லும் இல்லை துளையும் இல்லை.

சீட் ஆடுகிறது என்று வண்டி திரும்பி வந்தால் நான் முதலில் பூட்டைப் பார்ப்பதில்லை. கீல் போல்ட்டின் நைலான் புஷ்ஷைத்தான் பார்க்கிறேன். பெரும்பாலும் அதுதான் தேய்ந்திருக்கும்.

விசைப்பாடம் (சனி, காலை 10.40)

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்துகிறேன். கோவையும் கரூரும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும் இருவரும் வேறு வேறு குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒன்று நிறுத்திவைக்கும் குடும்பம், மற்றது தாங்கிக்கொண்டே நகரும் குடும்பம்.

நிறுத்திவைக்கும் குடும்பம் மூத்தது. வில்லியம் மாரிஸின் நிறுவனம் 1866 வாக்கில் விற்கத் தொடங்கிய சாய்வு நாற்காலியில், முதுகுச் சட்டம் இருக்கையோடு கீலில் இணைந்திருக்கும். பின்னால் குறுக்கே ஒரு கம்பி. கம்பியை மாற்றி வைத்தால் சாய்வு மாறும். ஃபிலிப் வெப், சசெக்ஸ் பகுதித் தச்சர் ஒருவர் செய்திருந்த நாற்காலியைப் பின்பற்றி வரைந்தது அது. கொட்டாப்புளி ஐயாவின் துணி நாற்காலிக்கு இங்கிலாந்தில் 1886இல் ஜான் மூர் என்பவர் காப்புரிமை பெற்றிருக்கிறார். கப்பல் தளத்தில் போட்டுப் புகழ்பெற்றது.

கார் இருக்கையும் இந்தக் குடும்பம்தான். லீவர் உள்ளவற்றில் பல்வில்லும் (பல் வெட்டிய வில்வடிவத் தகடு) அதைப் பிடிக்கும் கவ்வியும் இருக்கும். பல் பல்லாகத் தாவும். பக்கத்தில் வட்டக் குமிழ் உள்ளவற்றை வகுப்பில் நான் கழற்றிக் காட்டுவதுண்டு. வெளிவளையத்தின் உட்புறம் 36 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 35 பல் கொண்ட சக்கரம், மையம் விலகி உட்கார்ந்திருக்கும். குமிழை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மைய விலக்கம் ஒரு வட்டம் வரும், வளையம் ஒரே ஒரு பல் அளவு நகரும். 36இல் ஒரு பங்கு, அதாவது 10 பாகை. எந்தப் புள்ளியிலும் நிற்கும். முதுகின் எடை பின்பக்கமிருந்து அந்தச் சக்கரத்தைச் சுழற்றப் பார்த்தாலும் உராய்வு விடாது. மாணவர்கள் இதைக் கையில் வாங்கித் திருகிப் பார்க்கும்போது முகத்தில் தெரியும் வியப்புக்காகவே ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்கிறேன்.

வாசகி அளந்த 18க்கு 9 என்ற கணக்கு, உங்கள் நாற்காலி இரண்டாம் குடும்பத்தில் சின்க்ரோ டில்ட் என்ற கிளை என்று காட்டுகிறது. இருக்கை ஒரு பங்கு, முதுகு இரண்டு பங்கு. ஏன் இந்த விகிதம்? உடம்பு மடிவது இடுப்பு மூட்டில்; அது இருக்கைப் பலகைக்கு மேலே, தொடையின் உள்ளே இருக்கிறது. நாற்காலியின் கீலோ பலகைக்குக் கீழே. இரண்டு அச்சும் ஒன்றாக இல்லாததால், முதுகு மட்டும் தனியாகச் சாயும் நாற்காலியில் பலகை நம் முதுகின்மேல் வழுக்குகிறது. சட்டையை உள்ளே விட்டுச் சாய்ந்து எழுந்தால் சட்டை வெளியே வந்திருக்கும். இடுப்புத் தாங்கலும் இடம் மாறி வேறெங்கோ அழுத்தும். இருக்கையையும் பாதியளவு சாய்த்தால் அந்த வழுக்கல் குறைகிறது. ஜெர்மனியின் வில்கான் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த எஃப்எஸ் வரிசை இந்த ஒத்திசைவுக்குப் பெயர்பெற்றது. முதுகும் இருக்கையும் ஒரே துண்டாகச் சாயும் சென்டர் டில்ட் மலிவானது. அதில் சாய்ந்தால் முழங்கால் மேலே எழும்பிப் பாதம் தரையை விட்டுப் போகும். முழங்கால் டில்ட் என்பது கீலை இருக்கையின் முன்பக்கம் தள்ளிவைத்தது. பாதம் தரையிலேயே இருக்கும்.

நேர்கோடு (சனி, பிற்பகல் 12.10)

பற்றவைக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மருத்துவர் கொடுத்த எண்களில் நிமிர்ந்து உட்கார்வது, நிற்பதைவிட அதிகம் என்று இருப்பதை இருமுறை படித்தேன். என் நாற்காலியிலும் குமிழ் இருக்கிறது. ஐந்து ஆண்டில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஒரே ஒரு கேள்வி. வாசகி வீட்டில் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருவர் 46, ஒருவர் 78. தினமும் மாலையில் யார் அந்தக் குமிழைத் திருகிக்கொண்டிருப்பது?

தாமிரபரணிக் கரை (சனி, மாலை 4.30)

இழையை நகர்த்துவதற்கு மன்னிக்கவும். என் அம்மா பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்து இருக்கிறார். நாள் முழுவதும் படுக்கையிலேயே இருக்க வேண்டாம் என்று சாய்மானம் முழுதாகப் படுக்கும் சக்கர நாற்காலி வாங்கப் போகிறோம். விசைப்பாடம் ஐயா வழுக்கலைப் பற்றி எழுதியதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. அம்மாவால் தானாக நகர்ந்து உட்கார முடியாது.

இயன்முறை மதுரை (சனி, மாலை 6.00)

சகோதரி, வாங்குவதற்கு முன் கேட்டீர்களே, மிகவும் நல்லது. அந்த வழுக்கல் நமக்குச் சட்டை கலைவதோடு போய்விடும். நகர முடியாதவருக்கு அது புண்ணாகிறது. முதுகுப்பலகையை மட்டும் பின்னால் இறக்கி மறுபடி நிமிர்த்தினால், உடம்பு முன்னால் சறுக்கும். தோல் இருக்கையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகரும். வால் எலும்புக்கு மேலே உள்ள திசு இரண்டுக்கும் நடுவே இழுபட்டு, இரத்தக் குழாய் நசுங்கும். படுக்கைப் புண்ணின் தொடக்கங்களில் இது ஒன்று.

இதற்கென்றே வேறொரு அமைப்பு இருக்கிறது. இருக்கைக்கும் முதுகுக்கும் உள்ள கோணத்தை மாற்றாமல், மொத்த இருக்கையையும் தொட்டில்போலப் பின்னால் சாய்ப்பது. டில்ட்-இன்-ஸ்பேஸ் என்று கேளுங்கள். அதில் உடம்பு சறுக்காது. பிட்டத்தின் சுமை முதுகுக்கு மாறும். இரண்டும் சேர்ந்த நாற்காலி கிடைத்தால், முதலில் மொத்தமாகச் சாய்த்துவிட்டுப் பிறகு முதுகை இறக்குங்கள். நிமிர்த்தும்போது முதலில் முதுகு, பிறகு மொத்தம். இந்த வரிசை சறுக்கலைக் குறைக்கும். நல்ல மெத்தை தனியாக வேண்டும், அதை நாற்காலியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அம்மாவை நேரில் பார்க்கும் இயன்முறை மருத்துவரிடம் அளவெடுக்காமல் வாங்க வேண்டாம். இருக்கையின் அகலம் இரண்டு விரல் கூடினாலே செயலிழந்த பக்கம் சரிந்துவிடுவார்.

தாமிரபரணிக் கரை (சனி, மாலை 6.25)

முன்பணம் கட்டவிருந்தோம். நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போய் அளவெடுக்கிறோம். மிக்க நன்றி.

கோவை பழுதுநீக்கு (சனி, இரவு 8.45)

நேர்கோடு கேட்டது நியாயமான கேள்வி. குமிழ் வகையில் முழுத் தளர்விலிருந்து முழு இறுக்கத்துக்குப் பல சுற்று ஆகும். பக்கவாட்டில் கைச்சுழற்றி வைத்த மெக்கானிசங்கள் உண்டு. குனியாமலே உட்கார்ந்தபடி சுழற்றலாம். அதையும் தாண்டி, திருகவே தேவையில்லாதவை இருக்கின்றன. ஆள் சாயும்போது இருக்கை சற்று மேலே தூக்கப்படும்படி கட்டிவிடுவார்கள். அப்போது சாய்வதற்கு நீங்கள் உங்கள் எடையையே தூக்க வேண்டியிருக்கிறது. கனமானவருக்கு அதிக எதிர்ப்பு, இலேசானவருக்குக் குறைந்த எதிர்ப்பு. எடைதான் அங்கே ஸ்பிரிங். நீல்ஸ் டிஃப்ரியன்ட் வடிவமைத்து 1999இல் வந்த ஃப்ரீடம் நாற்காலி இந்த வழியில் முன்னோடி. இப்போது நம் ஊர்க் கடைகளிலும் இந்த வகை கிடைக்கிறது. கடையில் வீட்டார் எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். ஒல்லியானவருக்கும் மிகக் கனமானவருக்கும் சிலவற்றில் ஒத்துவருவதில்லை.

ஆனால் வாசகி அம்மாவுக்கு இப்போது அது தேவையில்லை. அப்பாவுக்கு எத்தனை சுற்று, உங்களுக்கு எத்தனை சுற்று என்று எண்ணிவைத்துக்கொண்டால் போதும்.

மலைக்கோட்டை வாசகி (ஞாயிறு, இரவு 7.50)

இன்று காலை செய்து பார்த்தோம். அப்பா முதலில் உட்காரவே மறுத்தார். தம்பி பின்னால் நின்று இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கிறேன் அப்பா" என்றான். முதல் இரண்டு சுற்றுக்குப் பிறகும் பலகை வேகமாகத்தான் போனது. நான்கில் பரவாயில்லை. ஆறாவது சுற்று முடிந்ததும் அப்பாவே "இரு, இரு" என்றார். கண்ணை மூடிச் சாய்ந்தார், பாதியில் நின்றார், மறுபடி வந்தார். தம்பி எப்போது கையை எடுத்தான் என்று அவருக்குத் தெரியவே இல்லை.

குமிழின் விளிம்பில் நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். கடைசித் தளர்விலிருந்து அப்பாவுக்கு ஆறு சுற்று. எனக்கு ஒன்றரை, நான் முழுதாகத் தளர்த்தி வைத்திருந்ததே எனக்கும் தவறு என்று இப்போதுதான் தெரிகிறது. மதியத்துக்கு மேல் பூட்டைத் திறந்து வைத்து 40 பக்கம் மெய்ப்புப் பார்த்தேன். வழக்கமாக நாலு மணிக்குத் தொடங்கும் இடுப்புக் கடுப்பு இன்று ஐந்தரைக்குத்தான் வந்தது. ஒருநாள் கணக்குத்தான், மேலும் பார்க்கிறேன்.

துண்டு போட அப்பாவுக்குச் சுவரில் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தாயிற்று. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும்: சாய்ந்து நிமிரும்போது பெட்டிக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

கோவை பழுதுநீக்கு (ஞாயிறு, இரவு 8.10)

தேங்காய் எண்ணெய் வேண்டாம் அம்மா, நாளாக நாளாகப் பிசினாகித் தூசியைச் சேர்க்கும். கீல் ஊசி இரண்டு பக்கமும் தெரியும் இடத்தில் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு தடவி, பத்து முறை சாய்த்து நிமிர்த்துங்கள், வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கவிழ்த்து வைத்திருக்கும்போதே அந்த நான்கு போல்ட்டையும் ஆலன் சாவியால் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். சத்தம் பாதி நேரம் அங்கிருந்துதான் வரும்.

கொட்டாப்புளி (திங்கள், காலை 5.50)

மகளே, அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆணியைச் சுவரில் எட்டும் உயரத்தில் அடித்தீர்களா? உட்கார்ந்தபடி எடுக்க முடியாவிட்டால் துண்டு மறுபடி கைப்பிடிக்குத்தான் வரும்.